உரையளவையும் கைப்பேசிச் செய்தியும்

சென்ற மார்கழித் திருவாதிரையன்று யான் செய்த பிழையொன்றனைச் சைவ அன்பர்கள்முன் வைத்தல் கடனெனக் கருதி இதனை எழுதலானேன். அன்று விடியலில், தில்லைக் கூத்தப்பெருமானை நினைந்திருந்த வேளையில், வாட்ஸப் வழியாக ஒரு செய்தி வந்தது. உலகத்தின் காந்த நடுவரைக்கு மையப்புள்ளி நடராசப்பெருமானது திருவடிப் பெருவிரலின்கண் உள்ளதென மேனாட்டறிஞர் கண்டனர் என்பதும், திருமூலநாயனார் அதனை முன்னரே திருமந்திரத்துட் கூறினார் என்பதும், பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே தீர்க்கரேகையில் அமைந்தன என்பதும் அதன் சாரம். படித்த அளவில் உள்ளம் பூரித்தது, கண்ணும் கலங்கிற்று. சிறிதும் தாழாது மூன்று குழுக்களுக்கு அதனை அனுப்பினேன்.

அன்று மாலையே எம் திருமுறை வகுப்பிற் பயிலும் கல்லூரி மாணவரொருவர், “ஐயா, நடுவரையென்பது உலகைச் சுற்றிய வளையமன்றோ? வளையத்தின்மீதே அதற்கு மையப்புள்ளி யாங்ஙனம் உண்டாம்?” என வணக்கமாய் வினவினார். எனக்கு விடை தோன்றவில்லை. பின்னரே நிலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். காளத்தியும், கச்சி ஏகம்பமும், தில்லையும் 79 பாகை 41 கலை என்னுங் கோட்டை ஒட்டி நிற்றல் உண்மையே; வியக்கத்தக்கதுமாம். திருவண்ணாமலையோ அக்கோட்டிற்கு 60 கிலோமீட்டருக்கு மேலும், திருவானைக்கா 100 கிலோமீட்டரளவும் மேற்கே உள்ளன. காந்த நடுவரை தில்லைக்கு நெடுந்தெற்கே செல்வது. அதன் அண்மை கருதியே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கப்பெற்று, 1963-இல் முதல் ராக்கெட்டும் ஏவப்பட்டது. திருமந்திரத்தையும் புரட்டினேன், அங்ஙனம் ஒரு பாட்டைக் காணேன்.

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை மாணவர்க்கு ஓதுவிப்பவன் யான். உரையளவையாவது மெய்யுணர்ந்தார் மொழி. இச்செய்திக்குச் சொல்லியவர் பெயர்தானும் இல்லை. அனுப்பியவர் என் நெடுநாள் நண்பர். அவர்மேல் வைத்த நம்பிக்கையை அவர் அனுப்பிய எழுத்தின்மேலும் வைத்துவிட்டேன். அவரும் மற்றொருவரை அங்ஙனமே நம்பியிருந்தார். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பதற்குப் பளிங்கை உவமை கூறுவோம். குழுவில் நாற்பதின்மர் கைகூப்பிய குறியிட்டபின் நாற்பத்தொன்றாமவர் ஐயுறுதல் அரிது. ஐயுற்றாலும், பத்தியிற் குறைந்தவனெனக் கருதப்படுவோமோ என்றஞ்சி வாளாவிருப்பர். அம்மாணவர் என்னைத் தனியே கண்டு வினவியதும் இது பற்றியே போலும்.

அன்பினாலன்றோ அனுப்பினோம் என முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். உள்நோக்கிய வழி வேறிரண்டு தோன்றின. பிறர் அறியாததை யான் முன்னே அறிவித்தேன் என்னுஞ் செருக்கு ஒன்று. மேனாட்டார் நற்சான்று நம் பெருமானுக்குக் கிடைத்தது என்னும் மகிழ்ச்சி மற்றொன்று. பின்னதே என்னை மிகச் சுட்டது. 2018-இல் ‘சயன்ஸ்’ என்னும் இதழில் மூவர் வெளியிட்ட ஆய்வொன்றுண்டு. டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை உலவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை நோக்கி, மெய்ச்செய்தியினும் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்றனர். அதன் புதுமையே மக்களை ஈர்ப்பது போலும் என்பதும் அவர் கருத்து. வாட்ஸப் நிறுவனத்தாரும் அவ்வாண்டிலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒருகால் ஐந்திடங்கட்குமேல் அனுப்பலாகாதென வரம்பிட்டனர். எனக்கு மூன்றே போதுமானதாயிற்று!

மூன்று குழுக்களிலும் திருத்தம் எழுதினேன். முதியவரொருவர், “பெருமான் புகழை நீரே குறைப்பதென்னை?” எனக் கடிந்தார். ஐந்தொழிலும் அத்திருக்கூத்தின்கண் விளங்குமாற்றை உண்மைவிளக்கம் உரைத்திருக்க, அதன்மேற் காந்தமும் வேண்டுமோ என்று விடையெழுதினேன். அவர் மறுமொழி தந்திலர்.

தை கழிந்து மாசி பிறந்தபின் அச்செய்தி வேறோர் ஊரன்பரிடமிருந்து மீண்டும் எனக்கே வந்தது. மேலே ஒரு வரி புதிதாய்ச் சேர்ந்திருந்தது: சித்தாந்தம் ஓதுவிக்கும் ஆசிரியரொருவர் அனுப்பியது, ஆதலின் ஐயமின்றி நம்பலாம் என்று. அடைப்புக்குறிக்குள் என் பெயரும் இருந்தது.