இஷாப்பூர், 1942

சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதோடு என்.சி.சி. பொறுப்பையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கோத்தில், அதாவது ஆயுத அறையில், அணிவகுப்புப் பயிற்சிக்கான பழைய .303 ரைஃபிள்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றைப் புதுப்பித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமே என்று ஆண்டு விழாவை ஒட்டி ஒரு யோசனை எழுந்தது. கட்டையை உப்புத்தாள் போட்டு இழைத்து வார்னிஷ் அடிப்பது, இரும்பைத் தேய்த்துக் கறுப்பு ஏற்றுவது, அவ்வளவுதான் வேலை. செய்யத் தகுந்ததா என்று முடிவெடுக்கும் முன், அது எங்கிருந்து வந்த பொருள் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

ரைஃபிளே தன் ஊரைச் சொன்னது. போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, கட்டை வந்து செருகும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தில் அழுக்கு அப்பிக் கிடந்தது. எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்க ஒரு கிரீடம், அதன் கீழ் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்து, பிறகு இஷாப்பூர், 1942, கடைசியில் நம்பர் 1 மார்க் 3 என்று எழுதி ஒரு நட்சத்திரம். மூன்றெழுத்தும் பேரரசர் ஆறாம் ஜார்ஜைக் குறிப்பவை. இஷாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் ரைஃபிள் தொழிற்சாலை.

வடிவம் இங்கிலாந்தினுடையது. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட் அமைப்பு, லண்டனுக்கு அருகே உள்ள என்ஃபீல்டு ஆயுதச் சாலை, இரண்டும் சேர்ந்து லீ என்ஃபீல்டு என்ற பெயர். மார்க் 3 வந்தது 1907-இல். மேகசினில் 10 தோட்டா, எடை ஏறக்குறைய 4 கிலோ. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் நம்பர் 4 என்ற புதிய மாதிரிக்கு மாறியது. இஷாப்பூர் மாறவில்லை, பழைய மாதிரியையே போர் முடிந்த பிறகும் செய்துகொண்டிருந்தது. தோட்டாவுக்கு வேண்டிய கார்டைட் வெடிமருந்துக்கென்று நீலகிரியின் அருவங்காட்டில் 1903-லேயே ஆலை வந்துவிட்டது. ஆகவே இதைச் சீமைத் துப்பாக்கி என்று நம் ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. மேகசினுக்குச் சற்று முன்னால், முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடுகிறது. மரம் பிளந்துவிடாமல் இருக்க இந்தியாவில் சேர்த்த திருகு அது. இஷாப்பூர்த் துப்பாக்கியை அடையாளம் காண்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

1942 என்ற எண்ணில் நான் வெகுநேரம் நின்றேன். அந்த ஏப்ரல் 6-ஆம் தேதிதான் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அவற்றைப் போலவே சித்தூரும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. போர் முடிவதற்குள் இந்திய ராணுவம் 25 லட்சம் பேராகப் பெருகியது. அவர்கள் கையில் கொடுக்கத்தான் இஷாப்பூர் இரவு பகலாக ஓடியது.

அதே இரும்பில் இன்னொரு முத்திரை, எஃப்.ஆர். என்ற இரண்டெழுத்தும் ஓர் ஆண்டும். தொழிற்சாலையிலேயே பழுது பார்த்து மறுபடி அனுப்பியதன் அடையாளம் அது. நாங்கள் செய்ய நினைத்த வேலையை, அதைவிட நன்றாக, சுதந்திர இந்தியா ஒருமுறை செய்து முடித்திருக்கிறது. 1962-இல் சீனப் படைக்கு எதிரே நம் வீரர்கள் பிடித்திருந்ததும் இந்த ரகத்தைத்தான். அதன் பிறகுதான் 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள் வந்தது. .303 போலீஸ் கைக்கு இறங்கியது. உத்தரப் பிரதேசப் போலீஸ் அதற்கு விடைகொடுத்ததே 2020-இல்தான்.

கடைசி முத்திரை டி.பி., பயிற்சிக்கு மட்டும் என்று பொருள். சேம்பர் சுவரில் விரல் நுனி அளவு ஒரு துளை. அதன் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது. கட்டையில் வெள்ளைப் பட்டை பூசியிருக்கிறார்கள். இனி சுட முடியாது என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் பட்டை.

திருப்பதியில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவரிடம், புதுப்பித்துத் தர முடியுமா என்று படங்களைக் காட்டிக் கேட்டேன். அவர் கையை விரித்தார். "இது .303 சார். பொதுமக்களுக்கு இல்லாத காலிபர். என் லைசென்ஸ்ல இதைத் தொடக்கூடாது." அவர் சொன்னது சரி. .303 ரைஃபிளும், சிறைக் காவலுக்கென்று அதையே மாற்றிச் செய்த .410 மஸ்கெட்டும் ஆயுத விதிகளின் முதல் வகையில் வருகின்றன. சாதாரண உரிமத்தில் கிடைப்பது .315 வேட்டை ரைஃபிள்; அதுவும் இதே போல்ட் அமைப்பில் இஷாப்பூர் செய்ததுதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. பழுது பார்த்தால் சுடும் என்றால் விலக்கு இல்லை. பழுது பார்க்கவே 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் பழைய ராணுவ ரைஃபிளை வாங்கும்போது பேரல் தேய்ந்திருக்கிறதா, போல்ட்டின் எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா, செலவு விலையைத் தாண்டுமா என்று கணக்குப் போடுவார். நம்மிடம் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. காப்பதா, புதுப்பிப்பதா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது.

வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அதைத் தீர்த்து வைத்தார். 1960-களில் .303-இல் பயிற்சி எடுத்தவர். ரைஃபிளை வாங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுப் போல்ட்டை இழுத்துப் பார்த்தார். "உப்புத்தாள் மட்டும் போட்டுடாதீங்க சார். நம்பர் அழிஞ்சா அப்புறம் இது வெறும் தடி. புல்த்ரூ போடுங்க, எண்ணெய் காட்டுங்க, போதும்."

அப்படியே செய்தோம். என்.சி.சி. பட்டாலியன் அனுமதியோடு, ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆர்மரர் முன்னிலையில், புல்த்ரூ கயிற்றால் பேரலுக்குள் எண்ணெய்த் துணி ஓட்டினோம். மேல் துருவை எண்ணெயில் ஊறவைத்து முரட்டுத் துணியால் எடுத்தோம். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக ஒரு பூச்சு. வெள்ளைப் பட்டையையும் கட்டையிலுள்ள தழும்புகளையும் தொடவில்லை. பளபளப்பு வரவில்லைதான். ஆனால் மூன்று முத்திரையையும் இப்போது மாணவர்கள் வாசிக்க முடிகிறது. புதுப்பிப்பது இந்த ரைஃபிளுக்குத் தகாது என்பதே என் முடிவு.

சித்தூரிலும் வேலூரிலும் தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருக்கும் வீடுகள் உண்டு. உரிமம் பெற்றவர் காலமாகியிருந்தால் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. தச்சரிடமோ பட்டறைக்கோ கொண்டு போகாதீர்கள். ஒப்படைக்கும் முன் அதிலுள்ள எழுத்துகளையும் எண்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து, தாத்தாவின் பெயரோடு எழுதி வையுங்கள்.