சீரியல் செட் போட்ட வண்டி

கோயில் திருவிழாவுல சீரியல் செட் போட்டுப் பார்த்திருப்பீங்க. செகப்பு, மஞ்ச, பச்சைன்னு ஒண்ணு அணைய ஒண்ணு எரியும். எங்க வீட்டு எஸ்யூவியோட டேஷ்போர்டு ரெண்டு வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. என்ன, திருவிழாவுல சாமி புறப்பாடு இருக்கும். இங்க வண்டியே புறப்படாது.

வண்டி வாங்கினது 2021 பிப்ரவரில. ஏழு சீட், டீசல், மேல சன்ரூஃப். வாங்கினது நான் இல்லீங்க, எங்கப்பா. மின்சார வாரியத்துல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆன காசு. "பேரன் பேத்தி எல்லாரும் ஒரே வண்டில போகணும்டா"ன்னு ஆசையா வாங்கினார். கம்பெனி பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வண்டி பாதி நாள் திருச்சில அப்பாகிட்ட, பாதி நாள் மேடவாக்கத்துல எங்ககிட்ட. இந்த விவரத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் ஒண்ணரை வருஷம் ஒரு குறையும் இல்ல. 2022 நவம்பர்ல ஒரு திங்கக்கிழமை காலைல சாவியைத் திருப்பினா டக், டக், டக். அவ்ளோதான். பேட்டரி காலி. சர்வீஸ் சென்டர்ல புது பேட்டரி மாட்டி அனுப்பினாங்க. பத்து நாள்ல அதுவும் காலி. அதுக்கப்புறம் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிச்சது. அப்புறம் டோர் தானா லாக் ஆகும், தானா திறக்கும். ஒரு நாள் ராத்திரி பரனூர் டோல்கிட்ட பின்னாடி வந்த லாரிக்காரர் இறங்கி வந்து, "சார், பிரேக் அடிக்கிறீங்க, லைட்டே எரியல, இடிச்சிருப்பேன்"னு கத்திட்டுப் போனார். அவர் கத்தினது நியாயம். ஜிஎஸ்டி ரோட்ல ராத்திரி நேரத்துல பிரேக் லைட் இல்லாம ஓட்டுறது என்னன்னு அந்த ரோட்ல போறவங்களுக்குத் தெரியும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனா நடக்கறது எப்பவும் ஒரே கதைதான். வண்டியை உள்ள விடுவாங்க. ஸ்கேனர் மாட்டுவாங்க. "எரர் எல்லாம் கிளியர் பண்ணிட்டோம் சார், ரெண்டு நாள் வச்சு ஓட்டிப் பாத்தோம், ஒண்ணுமே வரல"ன்னு சாவியைக் குடுப்பாங்க. நாம பொட்டி தட்டுற ஆளுங்க, இந்த டயலாக்கை நாமளே எத்தனை டெஸ்டர்கிட்ட சொல்லியிருப்போம்! "என் மெஷின்ல ஓடுதே!" அதை அடுத்தவன் நம்மகிட்ட சொல்லும்போதுதான் வலி தெரியுது.

ரெண்டாவது தடவை சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணாங்க. மூணாவது தடவை, "வெளியில டேஷ்கேம் மாட்டியிருக்கீங்க, அதான் சார் கரண்ட்டை இழுக்குது"ன்னாங்க. கழட்டிட்டேன். நிக்கல. நாலாவது தடவைதான் உச்சம். 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வந்துச்சே, அதுக்கு அடுத்த மாசம். "வண்டி வெள்ளத்துல நின்னிருக்கு சார், வாரண்டில வராது, இன்சூரன்ஸ் போட்டுக்கோங்க"ன்னு அடிச்சுச் சொல்லிட்டாங்க. புயல் அடிச்ச அன்னிக்கு வண்டி திருச்சில அப்பா வீட்டு போர்டிகோல நின்னுட்டிருந்தது. சொன்னா யார் நம்புவா? நல்லவேளையா ஃபாஸ்டேக் கணக்கு இருந்துச்சு. டிசம்பர் 2ஆம் தேதி சமயபுரம் டோல் தாண்டினது, 10ஆம் தேதி திரும்பி வந்ததுன்னு நிமிஷம் முதற்கொண்டு இருந்தது. அதைக் காட்டினதும் அட்வைசர், "அப்படியா சார்"ன்னு சொல்லிட்டு மறுபடியும் எரரை கிளியர் பண்ணிக் குடுத்தார்.

இதுல அப்பா வேற போன் பண்ணும்போதெல்லாம், "என்கிட்ட இருந்தா ஒழுங்கா ஓடுது, உன்கிட்ட வந்தாத்தான் மக்கர் பண்ணுது"ன்னு ஆரம்பிச்சுடுவார். கடுப்பாதான் இருக்கும். ஆனா துப்பு அந்த வார்த்தைக்குள்ளதான் இருந்துச்சு.

2024 அக்டோபர்ல நடந்ததை எழுதும்போது இப்பவும் கை நடுங்குது. முந்தின ராத்திரி நல்ல மழை, காலைல சுள்ளுனு வெயில். தங்கமணி பொண்ணைக் கூட்டிட்டு வேளச்சேரில டாக்டரைப் பார்த்துட்டு வந்திருக்காங்க. பொண்ணுக்கு அப்ப 14 மாசம். பின் சீட்ல சைல்டு சீட்ல கட்டி உக்கார வச்சுட்டு, பையை முன் சீட்ல போட்டுட்டு, கதவைச் சாத்திட்டு டிரைவர் பக்கம் சுத்தி வர்றதுக்குள்ள, டக். நாலு கதவும் தானா பூட்டிக்கிச்சு. சாவி பைக்குள்ள, பை வண்டிக்குள்ள, குழந்தை வண்டிக்குள்ள. போனும் அதே பைல.

வெயில்ல பூட்டி நிக்கிற காருக்குள்ள பத்தே நிமிஷத்துல சூடு கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். பெரியவங்களைவிட குழந்தைங்க உடம்பு ரொம்ப வேகமா சூடாகும். எங்க வீட்டம்மா ஒரு நொடி யோசிக்கல. பக்கத்து பஞ்சர் கடைக்கு ஓடி, "அண்ணே, கண்ணாடியை உடைங்கண்ணே"ன்னு கத்தியிருக்காங்க. அவரும் விவரமானவர். குழந்தை இருக்கற பக்கம் விட்டுட்டு, முன்னாடி இடது பக்கக் கண்ணாடியோட மூலையைப் பார்த்து வீல் ஸ்பேனரால ஒரே போடு. (முன்னாடி இருக்கற பெரிய கண்ணாடியை அடிச்சா விரிசல்தான் விடும், உள்ள பிளாஸ்டிக் ஏடு ஒட்டியிருக்கும். கதவுக் கண்ணாடிதான் பொடிப்பொடியா உதிரும். ஞாபகம் வச்சுக்கோங்க.) ஏழெட்டு நிமிஷம்தான். குழந்தை அழுது அழுது முகமெல்லாம் செவந்து, தலையெல்லாம் வேர்வை. வேற ஒண்ணும் ஆகல. அந்த அண்ணன் காசு வாங்க மறுத்துட்டார்.

அன்னிக்கு சாயங்காலம் தங்கமணி சொன்னது ஒரே வாக்கியம். "என்னங்க, இனிமே இந்த வண்டில நான் குழந்தையை ஏத்த மாட்டேன்." அதுல பேச்சுக்கே இடமில்ல. வித்துடலாமான்னு அப்பாகிட்ட கேட்டேன். "வித்தா வாங்கறவன் வீட்ல குழந்தை இருக்காதாடா?"ன்னார். அடுத்த பஸ்ல கிளம்பி வந்துட்டார்.

வரும்போதே கைல அவரோட டாங் டெஸ்டர். முப்பது வருஷம் கம்பத்துல ஏறின மனுஷன். பேட்டரி வயரைச் சுத்திக் கவ்வ விட்டார். பூஜ்யம் காட்டுச்சு. ரெண்டு நிமிஷம் முறைச்சுப் பார்த்துட்டு, "அட, இது ஏசி டாங் டெஸ்டர்டா, இதுல டிசி எங்க வரும்"னு சிரிச்சுட்டார். அப்புறம் என்னோட மல்டிமீட்டர்.

செய்முறை சிம்பிள்தான். பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்ப் அளவுல வைக்கணும். எல்லாக் கதவும் பூட்டி அரை மணி நேரம் காத்திருக்கணும். வண்டிக்குள்ள இருக்கற குட்டிக் கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கும். நடுவுல சாவியைத் திருப்பினா மீட்டரோட ஃப்யூஸ் போயிடும், ஜாக்கிரதை. நல்ல வண்டின்னா 50 மில்லி ஆம்ப்புக்குள்ள நிக்கணும். நம்ம வண்டி 700 மில்லி ஆம்ப். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 17 ஆம்ப் அவர் போகுது. பேட்டரி 70 ஆம்ப் அவர். மூணாவது நாள் காலைல டக், டக், டக் வராம என்ன பண்ணும்?

ஃப்யூஸை ஒண்ணொண்ணா புடுங்கினோம். பாடி கன்ட்ரோல் மாட்யூல்னு ஒண்ணு, டோர் லாக், லைட்டு எல்லாத்துக்கும் அதுதான் தலைவர். அதோட ஃப்யூஸை எடுத்ததும் 700 சட்டுனு 30க்கு விழுந்துச்சு. ஆனா அது ஏன் தூங்க மாட்டேங்குது?

இங்கதான் என் எக்ஸெல் ஷீட் வேலைக்கு வந்தது. முதல் பேட்டரி போனதுல இருந்து ஒவ்வொரு கோளாறையும் தேதி போட்டு எழுதி வச்சிருந்தேன். மொத்தம் 31. பக்கத்துல மழை பெஞ்ச நாளையும், வண்டி நின்ன இடத்தையும் சேர்த்தேன். 27 கோளாறு மழை பெஞ்சு ரெண்டு நாளுக்குள்ள. அத்தனையும் எங்க அபார்ட்மெண்ட்ல, கூரை இல்லாத சரிவுல, மூஞ்சி கீழ பார்த்து நிக்கும்போது. திருச்சில ஒண்ணு கூட இல்ல, அங்க போர்டிகோ. சர்வீஸ் சென்டர்ல ஏன் வரல? அங்க ஷெட்டு! ரெண்டு நாள் காய்ஞ்சதும் எல்லாம் சரியாயிடும். அவங்க பொய் சொல்லல, காய்ஞ்ச வண்டியைப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டிருந்தாங்க.

அப்பா டிரைவர் சீட்டுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கினார். மேல கார்ப்பெட் காய்ஞ்சிருந்தது. அடியில கைவிட்டு அமுக்கினா ஸ்பான்ஜ்ல இருந்து தண்ணி பிதுங்குது!

சன்ரூஃப் முழுசா தண்ணி புகாம இருக்கற சமாச்சாரம் இல்லீங்க. சுத்தி ஒரு வாய்க்கால் இருக்கும், அதுல விழற தண்ணி நாலு மூலைல இருக்கற குழாய் வழியா கீழ தரைக்குப் போகும். நாங்க ஒரு பாட்டில் தண்ணியை மெதுவா வாய்க்கால்ல ஊத்தினோம். இடது பக்கம் ஊத்தினது ஒழுங்கா கீழ சொட்டுச்சு. வலது பக்கம் ஊத்தினது வெளிய வரவே இல்ல. டேஷ்போர்டுக்குக் கீழ டார்ச் அடிச்சுப் பார்த்தா, சொட்டு சொட்டா அந்த மாட்யூலோட கனெக்டர் மேலயே அபிஷேகம். குழாயோட முனை அதோட வளைவுல சரியாவே மாட்டல. வழிஞ்ச தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில ஓடி சீட்டுக்குக் கீழ இருக்கற மஞ்சள் கனெக்டரைத் துருப்பிடிக்க வச்சிருந்தது. ஏர்பேக் விளக்கு எரிஞ்சதுக்குக் காரணம் அதுதான். ஒரே ஓட்டை, நாலு வியாதி. மஞ்சள் கனெக்டர்ல நாங்க கை வைக்கல, நீங்களும் வைக்காதீங்க. அது ஏர்பேக் லைன், உள்ள வெடிக்கிற சாமான் இருக்கு.

எல்லாத்தையும் வீடியோ எடுத்து, நாலு ஜாப் கார்டு, ஃபாஸ்டேக் கணக்கு, எக்ஸெல் ஷீட் எல்லாம் சேர்த்து கம்பெனி தலைமை ஆபீசுக்கு மெயில். கூடவே 1915ல கூப்பிட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்துல புகார். அதுக்கப்புறம் நடந்த வேகத்தைப் பார்க்கணுமே! ஏரியா மேனேஜரே வீட்டுக்கு வந்துட்டார். அப்பா அவர் முன்னாடியே இன்னொரு பாட்டில் தண்ணி ஊத்திக் காட்டினார். குழாய், மாட்யூல், வயரிங், கார்ப்பெட், உடைஞ்ச கண்ணாடி எல்லாம் காசில்லாம மாத்திக் குடுத்தாங்க. 2025 மழைக்காலம் முழுக்க அதே சரிவுல, அதே மாதிரி நிறுத்திப் பார்த்தேன். ஷீட்ல 32ஆவது வரி இன்னும் காலியாத்தான் இருக்கு. தங்கமணி அதைப் பார்த்துட்டுத்தான் குழந்தையை ஏத்தினாங்க.

"சின்ன எலக்ட்ரிக்கல் ப்ராப்ளம்தானே சார்"னு ஒரு அட்வைசர் சொன்னாரே, அவருக்காக ஒரு பழைய கதை. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல சுமார் 26 லட்சம் கார்களைத் திருப்பிக் கூப்பிட்டாங்க. காரணம், சாவி போடற சுவிட்ச். உள்ள இருக்கற சின்ன ஸ்பிரிங்குக்கு இறுக்கம் பத்தல. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, வண்டி குலுங்கினாலோ சுவிட்ச் திரும்பி இன்ஜின் அணைஞ்சிடும், கூடவே ஏர்பேக்கும் வேலை செய்யாது. கம்பெனியோட இழப்பீட்டுத் திட்டமே 124 சாவுகளை ஒத்துக்கிச்சு. இதுல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நெஞ்சு அடைக்கற விஷயம் என்னன்னா, இடையில அந்த சுவிட்சை பலப்படுத்தி மாத்தியிருக்காங்க, ஆனா பார்ட் நம்பரை மாத்தல. வெர்ஷன் நம்பர் போடாம ப்ரொடக்‌ஷன்ல ஏத்தின மாதிரி. அதனால எது பழசு எது புதுசுன்னு கண்டுபிடிக்கறதே பெரும்பாடாயிடுச்சு.

நம்ம ஊர்லயும் 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குறை இருக்கற வண்டிகளைத் திருப்பிக் கூப்பிட உத்தரவு போடற அதிகாரத்தை அரசுக்குக் குடுத்திருக்காங்க. அது 2021 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு. ஆனா அதுக்கு நாம புகார் பண்ணாத்தானே கணக்குல ஏறும்?

கடைசியா, வண்டி வச்சிருக்கற மக்களுக்கு:

1. ஏர்பேக் விளக்கு எரிஞ்சுட்டே இருந்தா, இடிச்சா அது விரியாதுன்னு நினைச்சுக்கிட்டே ஓட்டுங்க. அதாவது, ஓட்டாதீங்க.

2. நீங்க சொன்ன குறையை நீங்க சொன்ன வார்த்தைலயே ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க.

3. வந்து வந்து போற கோளாறுன்னா தேதி, மழை, வெயில், இடம் எல்லாம் எழுதி வைங்க.

4. சன்ரூஃப் இருந்தா மழைக்காலத்துக்கு முன்னாடி நாலு மூலைலயும் தண்ணி ஊத்திப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை.

5. குழந்தையை உள்ள உக்கார வைக்கும்போது சாவி உங்க இடுப்புல இருக்கட்டும். வண்டி எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் சரி.

டிஸ்கி: இந்தக் கதையில கண்டுபிடிச்சது யாருன்னு எங்க வீட்ல இன்னும் சண்டை ஓடிட்டிருக்கு. எக்ஸெல் ஷீட்டுன்னு நான் சொல்றேன். "நான் மேட்டைத் தூக்கலைன்னா நீ இன்னும் கலர் அடிச்சுட்டுதான்டா இருப்ப"ன்னு அப்பா சொல்றார். கண்ணாடியை உடைக்கச் சொன்னவங்க ரெண்டு பேரையும் பார்த்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க.