இரவு எட்டு மணி மூளை

ஈயறுத்த வேலைக்கும் பென்சனா என்று மருதமுனையில் சொந்தக்காரர் ஒருவர் சிரித்தார். விளக்கு எரிந்து இரண்டு மணி நேரமான இசட்டி 2க்கும், பதினான்கு மணி நேரமான இசட்டி 14க்கும் ஈயின் மூளையில் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

பழ ஈயின் மூளையில், பிடிஎஃப் என்ற நரம்புப் பெப்டைடைச் சுரக்கும் எஸ்-எல்என்வி என்ற கடிகார நரம்பணுக்கள் பக்கத்துக்கு நாலு. காலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்தால், எட்டுக்கு எடுத்த மூளையில் அவற்றின் மேல்நுனிகள் பிரிந்து விரிந்து கிடக்கும், பிடிஎஃப் நிறைந்திருக்கும். இரவு எட்டுக்கு எடுத்ததிலோ, வாப்பாவின் தறியில் கஞ்சி போட்ட பாவு நூல்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். 2008இல் இதைக் காட்டியது பியூனஸ் அயர்ஸில் செரியானியின் குழு. நுனிகள் தொடும் கூட்டாளிகளும் நேரத்துக்கு நேரம் மாறுகின்றன என்று 2014இல் அவர்களே சொன்னார்கள். காலையில் பேசும் ஆள் வேறு, இரவில் வேறு.

சரி, மூளையை வெளியே எடுப்பது யார்? அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கையில் ஐந்தாம் நம்பர் ஃபோர்செப்ஸ் இரண்டு. வாய்க்குழலைப் பிடித்துத் தலையைப் பிரிப்பது வரை யாரும் செய்வார்கள். வில்லங்கம் மூளைமேல் மினுங்கிக்கொண்டு ஒட்டியிருக்கும் மூச்சுக்குழாய். விட்டுவைத்தால் படத்தில் தானும் ஒளிரும். வெடுக்கென்று இழுத்தால் மூளையின் மேல்பக்கமும் கூடவே வந்துவிடும். நமக்கு வேண்டிய நுனிகள் அங்கேதான் இருக்கின்றன. பார்வை மடலை ஒரு ஃபோர்செப்ஸால் லேசாய் அமர்த்தி, மற்றதால் பக்கவாட்டில், கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு இது வராது. இரவு மூளையென்றால் சிவப்பு விளக்கில்தான் ஈயைப் பொறுக்க வேண்டும். இஷாவைப் பிந்தித் தொழுத இரவுகள் எத்தனையோ.

இப்போதைய பிள்ளைகள் விளக்கைத் தலைகீழாக்கிய இன்குபேட்டர் ஒன்றை வைத்து, ஈயின் இரவைத் தங்கள் பகலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஈயை முழுசாய் ஃபோமல்டிஹைடில் போட்டுவிட்டு, அறுப்பதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். முடிவு ஒன்றுதானே சேர்? ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஃபோன் பார்த்தவனின் 'இரவில்' எவ்வளவு வெளிச்சம் விழுந்ததென்று எந்தப் படமும் சொல்லாது. 1970களில் மதுரைப் பக்கத்துக் குகையில் வௌவாலின் கடிகாரத்தை ஆராய்ந்த சந்திரசேகரன் குழுவினருக்குத் தலைகீழ்க் குகை ஏதும் கிடைக்கவில்லை.

கிளைகளை எண்ணுவதும் இப்போது கணினியின் வேலை. கழற்றாமல் விட்ட மூச்சுக்குழாய்த் துண்டையும் அது கிளையென்றே எண்ணுகிறது. இவர்கள் அந்த எண்ணிக்கைமேல் புள்ளியியல் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டு, வித்தியாசம் உண்டு என்று எழுதி அனுப்புகிறார்கள்.