ஆடு தின்னாத வெள்ளாமை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகும் சாலையில், பங்குனி மாதத்தில் பச்சை என்று கண்ணில் படுவது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். உளுந்தும் பாசியும் எப்போதோ வீடு வந்து சேர்ந்திருக்கும். கரிசல் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிற புஞ்சை தென்பட்டால், அது நித்தியகல்யாணி. ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். நகரத்து நர்சரிகளில் வின்கா என்று தொட்டியில் விற்பார்கள். வீட்டு வாசலில் அழகுக்கு வளர்க்கும் இந்தச் செடியை மானாவாரி வெள்ளாமையாக விதைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

நான் போன புஞ்சையில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து, தரையிலிருந்து நாலு விரற்கடை விட்டுச் செடியை அறுத்துப் போட்டார்கள். அறுத்த காம்பில் பால் கசிந்தது. அடிக்கட்டையை ஏன் விடுகிறார்கள் என்று கேட்டேன். "வேருக்குத் தனி வெல தம்பி. ஒரு கோட மழை விழட்டும், உழுது வேரப் பெறக்கிருவோம். இப்பப் பிடுங்குனா பாதி வேரு மண்ணுக்குள்ளயே அத்துப்போகும்" என்றார் மூத்த அக்கா ஒருவர். காய்ந்த கரிசல் கடப்பாரைக்கே இடம் கொடுக்காது. ஈரம் பட்டால்தான் வேரை விடும்.

அறுத்த செடியை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் போட்டால் இலை வெளுத்துவிடும். காய்ந்த செடியைக் கம்பால் லேசாகத் தட்டினால் முதலில் விதை கொட்டும், பிறகு இலை உதிரும், தண்டு தனியாக நிற்கும். ஓங்கி அடித்தால் இலை தூளாகித் தண்டுத் துணுக்கோடு கலந்துவிடும். ஒரு பெண் தட்டிய கட்டை எடுத்துப் பார்த்தேன். தண்டில் இலை ஒன்றுகூட மிச்சமில்லை; கீழே விழுந்த இலையும் உடையவில்லை. அந்தக் கையின் பக்குவம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொடுக்காத பாடம்.

அவர் முறத்தில் புடைத்து என் உள்ளங்கையில் கொட்டிய விதை கடுகிலும் சிறியது, கருகருவென்று இருந்தது. ஆயிரம் விதை சேர்ந்தால்தான் ஒரு கிராமைத் தாண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். ஆனால் ஒரு கிலோவை ஒரு ஏக்கர் முழுக்க ஒரே சீராகத் தூவுவது லேசான வேலை இல்லை. அதனால் விதையைப்போலப் பத்து மடங்கு மணலைக் கலந்து புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள். பழைய விதை முளைக்காது, அந்தந்த வருஷத்து விதையே வேண்டும். காய் பழுத்தால் தானே வெடித்துச் சிதறிவிடும். காய் மஞ்சளாக மாறும் பருவம் பார்த்துப் பறித்து வைக்கிறவருக்குத்தான் அடுத்த வருஷத்து விதை.

நாற்று மெதுவாகத்தான் எழும். இரண்டாம் மாதத்தில் ஒரு களை, நாலாம் மாதத்தில் இன்னொரு களை. முதல் களையிலேயே நெருக்கமான செடிகளைக் கலைத்துவிட வேண்டும். களையையும் நாற்றையும் பிரித்தறிந்து களைக்கொத்தியை ஓட்டுவது இந்தப் பெண்களின் வேலை. வெள்ளாமை தேறுவதும் தேறாததும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் இந்தப் புஞ்சை ஒரு சேதி சொல்கிறது. இந்தச் செடி வறட்சியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வேர் அழுகி, நுனி கருகி, நின்ற நிலையில் சாகும். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கிற மண் என்பதால் அடைமழைக் காலத்தில் வடிகால் எடுத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். வீட்டிலும் அப்படித்தான்: நல்ல வெயில், அடியில் ஓட்டையுள்ள தொட்டி, மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர். அதற்கு மேல் அது எதுவும் கேட்பதில்லை.

"மக்காச்சோளம் போட்டா பன்னி விடுறதில்ல. இத ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார் புஞ்சைக்காரர். ஆட்டை விரட்டுகிற அந்தக் கசப்புதான் மருந்து. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு ஆய்வாளர்கள் இதன் இலையில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள். எலிகளின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அந்த வழியில் கிடைத்தது வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. வேரிலிருந்து எடுக்கும் அஜ்மாலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்து. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுகிறது. இத்தனை வீரியமுள்ள செடியைக் கைவைத்தியம் என்று சாறு பிழிந்து குடிப்பது ஆபத்து. அளவு தெரிந்து கொடுக்க வேண்டியது மருத்துவர்.

மூட்டை போய்ச் சேர்ந்த கடையில், வியாபாரி கையை உள்ளே விட்டு ஈரம் பார்த்தார், மண் பார்த்தார், எடை போட்டார். இலையில் மருந்துச் சத்து எவ்வளவு என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. நிழலில் பக்குவமாகக் காயவைத்தவருக்கும் அவசரத்தில் அள்ளி வந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. மருந்தாகி விற்கும்போது மில்லிகிராம் கணக்கு. புஞ்சையில் வாங்கும்போது மூட்டைக் கணக்கு.

2022இல், ஈஸ்ட்டை மாற்றியமைத்து வின்பிளாஸ்டினுக்கான மூலப்பொருள்களை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். நோயாளிகளுக்கு அது நல்ல செய்தி. கரிசல்காட்டுக்கு அது ஒரு எச்சரிக்கை. அந்தப் போட்டி வருவதற்குள் இங்கே தரம் பார்த்து விலை வைக்கும் ஏற்பாடு வந்தாக வேண்டும். மானாவாரி ஆராய்ச்சிக்கென்றே 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் இலையையும் வேரையும் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் ஒரு கூடம் அமைந்தால், விவசாயி அந்தச் சீட்டோடு விலை பேசுவார். களை எடுத்த கைக்கும் தட்டிப் பிரித்த கைக்கும் கூலி உயர அதுவே வழி. மழையை நம்பிப் பிழைக்கிற இந்த மண்ணில், மழையைப்போல நம் கைக்கு எட்டாத காரியம் அல்ல இது.