கேரன்

ஸ்காட்லாந்தின் வடமலைகள், அக்டோபர் மாதம். தூறல் விட்டுவிட்டுப் பெய்கிறது. பழுப்பேறிய ஹெதர் புதர்களுக்கு நடுவே குதிரைக்காரர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். பக்கத்தில் அவருடைய மட்டக்குதிரை. காயடித்த குதிரைக்கான கேலிக் சொல் 'கேரன்'. இங்கே மலைவேலை செய்யும் மட்டக்குதிரைகளுக்கெல்லாம் அதுவே பெயர்.

உயரம் 148 செ.மீ.-ஐத் தாண்டாது. ஆனால் அகன்ற மார்பு, கனத்த கால்கள். மணல் நிற முதுகில் பிடரியிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு. முரட்டு மேல்மயிரில் மழை வழிந்தோடுகிறது. அடியில் மெத்தென்ற உள்மயிர். பனிக்காலத்திலும் வெட்டவெளியில் கிடக்கும் இனம் இது.

வேட்டைக்காரர்கள் சுட்ட செம்மானை இழுத்து வருகிறார்கள். குடலை மலைமேலேயே எடுத்தாயிற்று. அப்படியும் எண்பது, தொண்ணூறு கிலோ இருக்கும். இரண்டு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்கிச் சேணத்தின் குறுக்கே போடுகிறார்கள். வார் மேல் வாராக இறுக்குகிறார்கள். கொம்பு முனை விலாவில் குத்தாதபடி மானின் தலையைத் திருப்பிக் கட்டுகிறார்கள். ரத்த வாடைக்கு வேறு குதிரையாக இருந்தால் மிரண்டு ஓடியிருக்கும். இது காதை மட்டும் பின்னுக்கு மடக்கி, நீளமாக ஒரு மூச்சு விடுகிறது. மான்தோலை மோந்து மோந்து பழகிய குதிரை.

இனி இறக்கம். ஒவ்வொரு குளம்பையும் ஊன்றிப் பார்த்துத்தான் பாரத்தை மாற்றுகிறது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. குதிரைக்காரர் கயிற்றை இழுக்கவில்லை, அதட்டவில்லை. கைத்தடியால் முன்னால் குத்துகிறார். தடி பாதிக்குமேல் புதைகிறது. கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சுற்றுவழியில் திரும்புகிறார். அதன் புத்தியை அவர் எவ்வளவு மதிக்கிறார்!

பல வேட்டை எஸ்டேட்டுகளில் இன்று எட்டுச் சக்கர வண்டி மானை இறக்குகிறது. வேகம் உண்டு, ஆனால் ஈரக் கரிமண்ணில் அதன் தடம் எளிதில் ஆறாது. அரச குடும்பத்தின் பால்மோரல் எஸ்டேட் போன்ற சில இடங்களில் மட்டக்குதிரைகள் இன்னும் வேலையில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவில் கூடைகட்டிக் கரிமண்ணும் கடற்பாசியும் சுமந்த இன்னொரு மட்டக்குதிரை இனமோ, 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 20 என்ற அளவுக்குக் குறைந்து, சிலரின் விடாமுயற்சியால் பிழைத்தது.

எஸ்டேட்காரர்கள் இரண்டு கேரன்களையாவது மலைவேலையில் வைத்திருக்க வேண்டும். சவாரிக்கும் கண்காட்சிக்கும் மட்டும் வளர்த்தால், சேற்றுக்கு முன்னால் நிற்கத் தெரிந்த குதிரை கிடைக்காது.