பல் மழுங்கும் வேலை

நெய்வேலிச் சுரங்கத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ராட்சத வெட்டுச் சக்கரத்தின் உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அங்கே வேலை செய்கிறவர்களோ அதன் பல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மணற்கல் அத்தனை சீக்கிரம் எஃகுப் பல்லைத் தின்றுவிடும்.

நகரியத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றின் பின்வராந்தாவில் நான் பார்த்தவருக்கும் பல்தான் பிரச்சினை. சுரங்க மின்பிரிவில் வேலை. விடுமுறை நாளில் டிப்ளமோ மாணவர்களின் புராஜெக்டுக்கு சர்க்யூட் போர்டு வெட்டித் தருகிறார்.

"ரெண்டு போர்டு வெட்டுறதுக்குள்ள பிளேடு மொட்டை ஆயிடும் சார்" என்று ஒரு ஹேக்சா பிளேடை நீட்டினார். தடவிப் பார்த்தேன், வழவழவென்றிருந்தது.

காரணம் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளிறிய பச்சையாகத் தெரியும் கிளாஸ் எபாக்ஸி என்பது கண்ணாடி நாரில் நெய்த துணியை அடுக்கடுக்காக எபாக்ஸி பிசினில் இறுக்கியது. வழக்கமான கனம் 1.6 மில்லிமீட்டர், மேலே ஒட்டியிருக்கும் செம்பு வெறும் 35 மைக்ரான். செம்பு ஒரு பொருட்டில்லை, கண்ணாடிதான் பல்லை மழுக்குகிறது. பழுப்பு நிறத்தில் வரும் மலிவான போர்டு காகிதமும் பினாலிக் பிசினும் சேர்ந்தது. அது பிளேடுக்குச் சாது. ஆனால் தகரம் வெட்டும் கத்தரியை வைத்தால் ஓரம் பொரிந்துவிடும். வெட்டுமுன் கொஞ்சம் வெயிலில் காயவைத்தால் விறைப்பு தளர்ந்து ஒழுங்காக வெட்டுப்படுகிறது.

அதனால் அவர் அறுப்பதே குறைவு. கீறி ஒடிப்பதுதான் அதிகம். உடைந்த பிளேடின் நுனியைக் கொக்கிபோலச் சாணை பிடித்து, பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார். சாணையில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும் என்பதால் அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்கிறார். இரும்பு ஸ்கேலைப் போர்டின் மேல் அழுத்திப் பிடித்து, கொக்கியைத் தன் பக்கமாக மட்டுமே இழுக்கிறார். முதல் சில இழுப்பு பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கோடு பள்ளமான பிறகுதான் பலம். மூலைமட்டம் வைத்து அதே கோட்டை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய் அங்கேயும் கீறுகிறார். பிறகு மேசை விளிம்பில் கோட்டை வைத்து ஓர் அழுத்து. படக்!

பொறுமை கெட்டு ஒரு பக்கம் மட்டும் கீறி ஒடித்த துண்டுகளும் அங்கே கிடந்தன. எல்லாம் மாணவர்கள் கைங்கரியம். ஓரத்தில் கண்ணாடித் துணி பிய்ந்து, உள்ளடுக்கு விட்டு வெள்ளை பூத்திருந்தது.

அரம் போடும்போது செம்புப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கித் தள்ள வேண்டும். எதிர்ப்புறமாகத் தள்ளினால் செம்பு உரியும். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது: முகக்கவசம் மாட்டிக்கொண்டு, அரத்துக்குப் பதில் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்தார். கண்ணாடித் தூசி தோலில் அரிக்கும், மூச்சில் போகவும் கூடாது. சின்ன மோட்டாரில் வைரத் தட்டு மாட்டி அறுத்தால் வேலை நொடியில் முடியும். தூசியும் அதே வேகத்தில் பறக்கும் என்பதால் அதை வீட்டுக்குள் எடுப்பதில்லை.

"வீட்டம்மா துணி காயப்போடுற கொடி இதுக்கு மேலதான் சார் இருக்கு" என்றபடி, தேய்த்த சேற்றை ஈரம் காய்வதற்குள் பழைய பேப்பரில் வழித்து மடித்தார்.