வேண்டாத கரிசல்

ராஜபாளையம், ஆடி முதல் வாரம்

பின்கட்டு அறைக்கு ஆனியில் வானம் தோண்டிய கரிசல் இன்னும் முற்றத்தில் குவிந்து கிடக்கிறது. அஸ்திவாரத்துக்கு அது ஆகாது. ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவர் விரிசல் விடும். அதனால்தான் அதை எடுத்துவிட்டுக் கிராவல் அடித்தோம். "ராத்திரியோட ராத்திரியா ஓடையில தட்டிரலாம் அண்ணாச்சி" என்கிறார் டிராக்டர்க்காரர். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஓடை தூர்ந்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் கண்மாய்க்குப் போகாது, தெருவுக்குள்தான் வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ஆடிப்பூரம்

தேர் பார்க்க வந்த இடத்திலும் மண் பேச்சுதான். மாமாவின் தென்னந்தோப்பு செண்பகத்தோப்புப் பக்கம், மலையடிவாரச் செவல். விட்ட தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். "அந்த மண்ண எனக்குத் தட்டு மாப்ளே. கரம்பைக்குத்தான நான் அலையுறேன்" என்றார். கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டி கட்டிக் கரம்பை என்கிற வண்டல் மண்ணை அடிப்பது இந்தப் பக்கத்துச் சம்சாரிகளுக்குப் பழைய வழக்கம். 2024 முதல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய் வண்டலையும் களிமண்ணையும் இலவசமாக அள்ள வட்டாட்சியரே அனுமதி தருகிறார். மனுப் போட்டு வாங்குகிற பொருளைக் கூலி கொடுத்து ஓடையில் கொட்டுவது அநியாயம்.

ராஜபாளையம், ஆடிக் கடைசி ஞாயிறு

குவியலைக் கிளறினேன். மேல்மண் கறுப்பு. அடியிலிருந்து வந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள். கறுப்பு மண்ணை நனைத்து உருட்டி வளைத்தால் வெடிப்பில்லாமல் வளையல்போல் நிற்கிறது, பெரும்பாலும் களி. ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். மணல் உடனே அடியில் தங்கியது. சாயங்காலமாகியும் மேல்தண்ணீர் கலங்கல் தெளியவில்லை. அதில் மிதப்பவை 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித் துகள்கள். ஈரத்தையும் உரச்சத்தையும் பிடித்து வைப்பவை அவைதான்.

மணல் கலந்தால் மண் இளகும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கொஞ்சம் மணல் கலந்தால் செங்கல்லாக இறுகும், இளகாது. இதற்கு மருந்து தொழுவுரமும் இலைமட்கும். ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ கொத்தவோ கூடாது, காய்ந்து தானாக உதிர வேண்டும். மரத்தூரைச் சுற்றிக் குவிப்பதும் தவறு, வேர் மூச்சுமுட்டிப் போகும்.

ஆவணி

தாலுகா ஆபீசில் கேட்டுக்கொண்டு கறுப்பு மண்ணை மாமா தோப்புக்கு ஏற்றியாயிற்று. மெல்லிசாகப் பரப்பி, எருவோடு சேர்த்து உழுதிருக்கிறார். சுண்ணாம்பு மண் நடைபாதைப் பள்ளத்துக்குப் போனது. ஒரு கூடைக் களியைத் தெருப் பிள்ளைகள் பிள்ளையார் பிடிக்க வாங்கிப்போனார்கள்.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வானம் தோண்டும்போதே மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். செவக்காட்டுத் தோப்புக்காரர் யாரிடமாவது கரம்பை வேண்டுமா என்று கேளுங்கள். ஓடைக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.